சித்தப்பாவுக்குக் காசநோய் வந்தபோது

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலை செய்துவந்த என் சித்தப்பாவுக்கு இருமல் தொடங்கியபோது, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தை மாதப் பனியில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இருமாதவர்களே இல்லை. மல்லித் தண்ணீர் வைத்துக் கொடுத்தோம், தோட்டத்து டிஸ்பென்சரியில் பாணி மருந்து கொடுத்தார்கள். வியர்வையைக் கண்டுதான் சித்தி முதலில் பயந்தார். கம்பளிக்குள் சுருண்டாலும் நடுக்கம் அடங்காத அந்தக் குளிரில், விடியற்காலையில் சித்தப்பாவின் பனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. முழுநாள் வேலை செய்து முழுப்பேர் போட்டுவந்த மனிதர், உச்சிப்பொழுதுக்குமேல் மலையில் நிற்க முடியாமல் அரைநாள் கணக்கான அரைப்பேரோடு திரும்பலானார்.

சளியில் இரத்தக் கோடு தெரிந்ததும் அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். எச்சிலை வைத்து ஒன்றும் கண்டறிய முடியாது, காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி எடுத்த சளிதான் வேண்டும் என்றார்கள். அதில் கிருமி இருந்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு குழி தெரிந்தது.

அங்கிருந்த டொக்டர் அவசரப்படாமல் எல்லாவற்றையும் விளக்கினார். நோயாளி இருமும்போது வெளியேறும் நுண்துளிகள் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். மூச்சோடு உள்ளே போகும் கிருமி நுரையீரலின் காற்றறைகள்வரை சென்று சேரும். அங்கே வெள்ளணுக்கள் அதை விழுங்கினாலும், மெழுகுத்தன்மை கொண்ட தடித்த சுவருள்ள இந்தக் கிருமி சாகாமல், விழுங்கிய அணுவுக்குள்ளேயே தங்கிப் பெருக வல்லது. ஒருமுறை இரட்டிப்பாக ஏறத்தாழ 20 மணி நேரம் எடுப்பதால் நோயும் சத்தமின்றி மெதுவாகவே வளர்கிறது. உடல் அதைச் சுற்றி அணுக்களை அடுக்கி அடைத்துவைக்கிறது. ஆகவே தொற்றிய 100 பேரில் 5 முதல் 10 பேர்வரைதான் வாழ்நாளில் நோயாளியாகிறார்கள், மற்றவர்களிடம் கிருமி உறங்கிக் கிடக்கும், அவர்களிடமிருந்து யாருக்கும் பரவாது. சத்துக்குறைவும் நீரிழிவும் புகைபிடித்தலும் அந்த அடைப்பைத் தளர்த்திவிடும். சித்தப்பாவுக்கு நீரிழிவு இருப்பதே அன்று எடுத்த இரத்தப் பரிசோதனையில்தான் தெரியவந்தது. அடைப்பின் நடுவே திசு செத்துத் தயிர்க்கட்டிபோல் ஆகி, கரைந்து மூச்சுக்குழாய்க்குள் வடியும்போது குழி விழுகிறது. பக்கத்து இரத்தக் குழாய் அரிக்கப்பட்டால் சளியோடு இரத்தம் வருகிறது. கிருமியோடு போராடும் உடல் சுரக்கும் பொருள்களே பசியைக் கெடுத்து, காய்ச்சலையும் இரவு வியர்வையையும் உண்டாக்குகின்றன.

சித்தி அவருடைய தட்டையும் கோப்பையையும் ஒதுக்கி வைத்திருந்தார். அதற்குத் தேவையில்லை, ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார் டொக்டர். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர் படுத்து, குளிருக்காக இருக்கிற ஒரே ஜன்னலையும் உரச்சாக்கால் அடைத்து, அடுப்பையும் உள்ளேயே எரிக்கிற குடும்பத்தில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் மற்றவர்கள் எப்படித் தப்புவார்கள்? காற்றும் வெளிச்சமும் உள்ள வீடு எங்கள் மக்களுக்கு மருந்தைப் போலவே அவசியம் என்று அன்றிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். வீட்டில் எல்லோரையும் பரிசோதித்தார்கள். மூன்று வயதுத் தம்பிக்கு நோய் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு தடுப்பு மருந்து தொடங்கினார்கள். பிறந்தவுடன் போடும் பீ.சி.ஜி. ஊசி, மூளையைத் தாக்கும் கடுமையான காசநோயிலிருந்து சிறு பிள்ளைகளைப் பெரிதும் காக்கும் என்றாலும், பிற்காலத்தில் நுரையீரல் நோயே வராது என்பதற்கு உத்தரவாதமில்லை.

முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் இரண்டு. மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைப் பார்த்துச் சித்தி அழுதேவிட்டார். அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. இருமல் நின்று உடம்பும் தேறியபோது, "எனக்குச் சுகமாயிட்டுது, இனி மாத்திரை எதுக்கு?" என்று சித்தப்பா அடம்பிடித்ததுதான் எங்களுக்குப் பெரும் சோதனை. மிச்சமிருக்கும் கிருமிகள் இடையில் விட்டால் மருந்துக்கு மசியாதவையாக மாறித் திரும்பக்கூடும் என்று தாதி மறுபடி மறுபடி எடுத்துச் சொன்ன பிறகே இறங்கி வந்தார். கடைசி மாத்திரைவரை விழுங்கி முடித்தார். சளியிலும் கிருமி இல்லை.

ஆனால் குழி இருந்த இடத்தில் தழும்பு நிற்கிறது, மலையேறும்போது இன்னமும் மூச்சு வாங்குகிறது. உங்களில் யாருக்காவது, அல்லது உங்கள் வீட்டாருக்கு, மருந்து முடிந்த பின்னும் இப்படி இருந்து மூச்சுப் பயிற்சி செய்து தேறியிருந்தால் விவரமாக எழுதுங்கள். சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, அடுத்த கிளினிக்கில் டொக்டரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.