தினமும் பாக்கெட்டில் வைக்கும் மடக்குக் கத்தி: எந்த அளவு உங்களுக்குச் சரியாக வந்தது?

மடக்குக் கத்தி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது பிளேடு எத்தனை அங்குலம் என்றுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பதினோரு வருடமாகத் தினமும் ஒரு கத்தியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் வெளியே போகிறேன். இப்போது யாராவது என்னிடம் கேட்டால், பிளேடு நீளத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், மடங்கியிருக்கும்போது கத்தி எவ்வளவு தடிமன் என்று முதலில் பாருங்கள் என்றுதான் சொல்வேன். இந்த முடிவுக்கு வருவதற்குள் மூன்று கத்தி மாற்றிவிட்டேன்.

முதலில் வாங்கியது விக்டோரினாக்ஸ் என்ற சுவிஸ் நிறுவனத்தின் கத்திகளில், மடங்கிய நிலையில் 111 மி.மீ. நீளமுள்ள பெரிய வகை. திறந்த பிளேடு தானாக மடங்காமல் பிடித்துவைக்கும் லாக் உண்டு, நான்கு விரலும் தாராளமாக உட்காரும், கையில் எடுத்ததுமே பிடித்துப்போனது. நிற்கும்போது பாக்கெட்டில் இருப்பதே தெரியாது. உட்கார்ந்தால்தான் தொல்லை, தொடை மடிகிற இடத்தில் குறுக்கே வந்து நிற்கும், படி ஏறினால் ஒவ்வொரு படிக்கும் ஒரு இடி. இரண்டாவது வாரம் அது பாக்கெட்டிலிருந்து தோள்பைக்குப் போனது, ஒரு மாதத்தில் மேசை இழுப்பறைக்குப் போய்விட்டது. அப்புறம் பார்சல் டேப்பைச் சாவியால் கீறிக்கொண்டிருந்தேன், வீட்டில் அவ்வளவு நல்ல கத்தி இருக்க.

அது பாக்கெட்டில் இருந்த அந்த இரண்டு வாரத்திலேயே இன்னொன்றும் நடந்தது. வேலை செய்யும் இடத்தில் பக்கத்து இருக்கைக்காரர் சட்டைக் கையில் தொங்கிய நூலை வெட்டக் கத்தரிக்கோல் கேட்டார். உதவலாமே என்று இதை எடுத்துத் திறந்தேன். லாக் விழுகிற அந்தச் சத்தம் அமைதியான அறையில் எப்படிக் கேட்கும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. மனிதர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டார். எனக்கு ரொம்பச் சங்கடமாகப் போயிற்று. நம் கையில் இருப்பது கருவி என்று நமக்குத் தெரியும், எதிரில் இருப்பவருக்குத் தெரிவது பிளேடு மட்டும்தான்.

அதன்பிறகு நேர் எதிராகப் போனேன். அதே நிறுவனத்தின் 58 மி.மீ. நீளமுள்ள கிளாசிக், எடை இருபது கிராம் சொச்சம்தான், சாவிக்கொத்தில் மாட்டிவிட்டால் கத்தி இருப்பதே மறந்துபோகும். நூல், உறை, மருந்து அட்டை, பென்சில் எல்லாவற்றுக்கும் போதும். அதில் இருக்கும் குட்டிக் கத்தரிக்கோலுக்கு இன்றுவரை ஈடு கிடையாது. ஆனால் ஒரு நாள் நைலான் கயிறு ஒன்றை அறுக்க வேண்டி வந்தது, சுண்டுவிரல் தடிமன் இருக்கும். இந்தக் கத்தியை இரண்டு விரலும் கட்டைவிரலும் சேர்த்துத்தான் பிடிக்க முடியும், உள்ளங்கைக்கு வேலையே இல்லை. அழுத்தம் முழுக்க விரல் நுனியில் ஏற ஏற, பிடி லேசாகத் திரும்பியது. இந்தச் சின்னக் கத்தியில் லாக் கிடையாது, பிளேடு ஸ்பிரிங்கின் பலத்தில்தான் நிற்கும். பக்கவாட்டில் விசை மாறியதும் பிளேடு உள்ளே மடங்கி ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பில் இறங்கியது. வெட்டு ஆழமில்லை, ஆனால் மடிப்பில் பட்டதால் ஆறவே பத்து நாளுக்கு மேல் ஆனது, விரலை மடக்கும்போதெல்லாம் வாய் திறந்துகொண்டது. கத்தி சிறியதென்றால் ஆபத்தும் சிறியது என்று நினைத்திருந்தேன். பிடிக்க இடம் போதாத கத்தியில் வேலைக்கு மீறிய பலம் கொடுத்தால் எவ்வளவு சின்னக் கத்தியும் வெட்டும்.

மூன்றாவதுதான் இப்போது பாக்கெட்டில் இருப்பது. 84 மி.மீ., இரண்டே அடுக்கு, அலுமினியப் பக்கத் தகடு போட்ட கேடட். தடிமன் ஒரு செ.மீ.கூட வராது, எடை ஐம்பது கிராமுக்கும் குறைவு. இதன் பக்கத்தில் அதே நிறுவனத்தின், கருவிகள் நிறைந்த சுவிஸ்சாம்ப்பை வைத்துப் பாருங்கள், நான் சொல்ல வருவது புரிந்துவிடும். அதன் நீளம் 91 மி.மீ., அதாவது என்னுடையதைவிட வெறும் 7 மி.மீ. அதிகம். எடையோ 185 கிராம், தடிமன் மூன்று செ.மீ.யைத் தாண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் நீளத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே ரகம் போலத்தான் இருக்கும். பாக்கெட்டில் போட்டால் ஒன்று துணியோடு படிந்து கிடக்கும், மற்றது கல்லை வைத்திருப்பது மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். நீளம் பாக்கெட்டின் உயரத்தோடு ஓடிவிடுகிறது, தடிமன்தான் தொடைக்கும் துணிக்கும் நடுவில் நுழைகிறது. ஒவ்வொரு கருவி கூடும்போதும் ஒரு அடுக்கு கூடும், அதனால் ரம்பம் வேண்டுமா, திருப்புளி வேண்டுமா என்பதும் அளவைப் பற்றிய கேள்விதான்.

வாங்குவதற்கு முன்னால் இரண்டு விஷயம் செய்து பார்க்கச் சொல்வேன். நான்கு விரல் முட்டிகளுக்குக் குறுக்கே ஸ்கேலை வைத்து உள்ளங்கை அகலத்தை அளந்துகொள்ளுங்கள். எனக்கு 82 மி.மீ. வருகிறது, அதனால் 84 எனக்கு நிறைவாக இருக்கிறது, பெரிய கைக்காரர்களுக்கு 91 தேவைப்படலாம். அடுத்தது, கெட்டி அட்டையை அந்தக் கத்தியின் நீள அகலத்துக்கு வெட்டி, தடிமன் வரும்வரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எடைக்கு நடுவில் சில நாணயங்களை வைத்து டேப் சுற்றி, மூன்று நாள் பாக்கெட்டில் போட்டுத் திரியுங்கள். வண்டி ஓட்டுங்கள், தரையில் உட்காருங்கள், குனிந்து செருப்பு மாட்டுங்கள். மூன்றாம் நாள் அது எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தால், தயங்காமல் அந்த அளவை வாங்கலாம்.

பிளேடு நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மடங்கும்போது பிளேடு பிடிக்குள் ஒளிய வேண்டும் என்பதால் அது எப்போதும் பிடியைவிடச் சின்னதாகத்தான் இருக்கும். என் 84 மி.மீ. பிடிக்குள் இருக்கும் பிளேடு ஆறு செ.மீ. சொச்சம்தான். அட்டைப்பெட்டி, கயிறு, பழம், வயர் உறை, எல்லாவற்றையும் இதுவே பார்த்துக்கொள்கிறது. பதினோரு வருடத்தில் பிளேடு நீளம் போதவில்லை என்று நான் நின்றது ஒரே ஒரு முறைதான், ஒரு பெரிய பூசணியின் முன்னால். அதற்குச் சமையலறைக் கத்தி இருக்கிறது.

* * *

அண்ணா, தடிமன் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. எனக்குப் பிரச்சினை வேறு மாதிரி, என் உடைகளில் பாதிக்குப் பாக்கெட்டே கிடையாது, இருப்பதும் மூன்று விரல் ஆழம்தான். அதனால் கைப்பையில் வைக்கிறேன், அங்கே தடிமன் ஒரு பொருட்டில்லை, தேடும்போது கைக்குத் தட்டுப்பட வேண்டும், அதுதான் முக்கியம். மெல்லிய கத்தியாக இருந்தால் சீப்புக்கும் பேனாவுக்கும் நடுவில் போய் ஒளிந்துகொள்ளும்.

நான் வைத்திருப்பது ஒப்பினெல், மரப்பிடி போட்ட பிரெஞ்சு மடக்குக் கத்தி. 1897இல் 1 முதல் 12 வரை எண் போட்டு அளவு வாரியாகச் செய்ய ஆரம்பித்தார்கள், எண்ணைச் சொன்னாலே அளவு தெரிந்துவிடும். எல்லோரும் 8ஆம் எண்ணைத்தான் சிபாரிசு செய்தார்கள், 8.5 செ.மீ. பிளேடு. என் கைக்கு அது பெரிதாக இருந்தது, பழத்தோல் சீவும்போது முனை எங்கே போகிறது என்று எனக்குக் கட்டுப்படவில்லை. 6ஆம் எண்ணுக்கு மாறினேன், 7 செ.மீ. அதில் ஆள்காட்டி விரலைப் பிளேடின் முதுகில் வைத்தால் விரல் நுனி கிட்டத்தட்ட கத்தி முனை வரைக்கும் போய்விடும், விரலாலேயே வெட்டுகிற மாதிரி ஒரு நிதானம் வந்தது. மரப்பிடி உருண்டையாக இருப்பதால் நீளம் குறைந்தாலும் கை நிறைந்து நிற்கிறது. திறந்த பிறகு கழுத்தில் இருக்கும் வளையத்தைத் திருப்பினால் பிளேடு மடங்காது, உங்கள் விரலுக்கு நேர்ந்தது இதில் நேராது. ஒரே குறை, நனைந்தால் மரம் ஊறிப் பிளேடைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், மழைக்காலத்தில் திறக்க நகம் போதாது.

* * *

நான் விட்டுக்கொடுத்த கத்தியைப் பற்றிச் சொல்கிறேன். சாவிக்கொத்தில் அதே 58 மி.மீ.தான், அவ்வளவு லேசாக இருந்ததால் அது அங்கே இருப்பதே மறந்து விமான நிலையச் சோதனை வரிசையில் நின்றேன். எடுத்து ஒரு தட்டில் போட்டுவிட்டார்கள், நியாயம்தான். அமெரிக்காவில் 2013இல் ஆறு செ.மீ. வரை உள்ள சின்னக் கத்திகளை விமானத்துக்குள் அனுமதிக்கலாம் என்று அறிவித்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் அதே வருடம் கைவிட்டார்கள். ஊருக்கு ஊர் கணக்கும் வேறு. பிரிட்டனில் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் மடங்குகிற, லாக் இல்லாத, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேல் போகாத கத்தியாக இருக்க வேண்டும். ஜப்பானில் 6 செ.மீ.க்கு மேற்பட்ட பிளேடைத் தகுந்த காரணமில்லாமல் எடுத்துப் போகக் கூடாது. பயணம் போகிறவர்கள் கை அளவைப் பார்ப்பதற்கு முன்னால் போகிற இடத்துச் சட்டத்தைப் பாருங்கள். அந்தக் கத்தி என் அப்பா கொடுத்தது, இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

* * *

அப்பா கொடுத்ததா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது நண்பரே. நான் இப்போது பயணத்துக்கு முந்தின இரவே சாவிக்கொத்தைக் கழற்றிக் கத்தியைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன்.

தங்கச்சி, நீ சொன்ன அந்த விரலை முதுகில் வைக்கிற பிடியை என் 84இல் செய்து பார்த்தேன், நுனிக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு விரற்கடை மிச்சம் இருக்கிறது. மரம் ஊறுவதற்கு எண்ணெய் ஏதாவது தடவிப் பார்த்தாயா? 91 மி.மீ.யில் இரண்டடுக்கு மட்டும் உள்ளதைப் பாக்கெட்டில் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், உட்காரும்போது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். என் தம்பியின் உள்ளங்கை 95 மி.மீ., அவனுக்கு ஒன்று வாங்க வேண்டும்.