ஒரே கரு இரட்டையர்: டி.என்.ஏ. ஒன்று, கைரேகை ஏன் வேறு?

கேள்வி – நிலா_22:
ஒரே கரு பிரிந்து பிறந்தவர்களுக்கு மரபணு ஒன்றுதானே? அப்புறம் ஏன் ஒருத்தி விரலுக்குத் திறக்கும் போன் மற்றவளுக்குத் திறப்பதில்லை? பிறந்த எடையே அரை கிலோ வேறு.

பதில் – கருவியல்:
ரேகை வளையமா சுழியா என்ற பொது வடிவத்தில் மரபணுவுக்குப் பெரும்பங்கு. அதனால் பார்வைக்கு ஒத்திருக்கும். ஆனால் கோடு எங்கே பிரிகிறது, எங்கே முடிகிறது என்பது கருவின் 10 முதல் 17ஆம் வாரத்துக்குள் விரல்நுனி வளரும் வேகத்தையும் அழுத்தத்தையும் பொறுத்தது. சென்சார் பார்ப்பது அந்த நுணுக்கத்தைத்தான்.
எடை வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் நஞ்சுக்கொடி, அதாவது தாயிடமிருந்து கருவுக்கு ஊட்டம் தரும் உறுப்பு. இருவருக்கும் ஒரே நஞ்சுக்கொடி என்றால் பங்கு சமமாக இல்லாமல் போகலாம். தொப்புள்கொடி ஓரத்தில் ஒட்டிய குழந்தைக்கு ரத்தம் குறையலாம். 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கொரு ஸ்கேன் சொல்வது இதற்காகவும்தான்.

பதில் – செல்_பித்தன்:
பிறந்த பிறகும் இந்த வேறுபாடு வளர்வது நிற்பதில்லை. டி.என்.ஏ.வின் எழுத்து வரிசை பெரும்பாலும் மாறாது, அதன் மேல் ஒட்டும் மீத்தைல் குறிகள் (மரபணு எவ்வளவு வேலை செய்யும் என்பதை மாற்றும் வேதிக் குறிகள்) மாறும். புகைபிடித்தல் அதற்குத் தெளிவான உதாரணம். 2005இல் ஸ்பெயின் ஆய்வில் 3 வயது ஜோடியிடம் குறிகள் ஏறக்குறைய ஒன்று, 50 வயது ஜோடியிடம் நன்றாகவே வேறு.
நாசா விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி 340 நாள் விண்வெளியில் இருந்தார், அவருடைய இரட்டைச் சகோதரர் மார்க் பூமியில். ஸ்காட்டின் டெலோமியர் (குரோமோசோம் நுனியில் உள்ள காப்புப் பகுதி) அங்கே நீண்டு, திரும்பியதும் சட்டென்று குறுகியது. ஒரே ஜோடி, அதனால் பொதுவிதி ஆக்கிவிடாதீர்கள்.

பதில் – கருவியல்:
இன்னொன்று: கரு பிரிந்த பிறகு வரும் சில பிறழ்வுகளால் எழுத்துமே நூற்றுக்கு நூறு ஒன்றல்ல. எல்லாப் பழியையும் சூழல் மேல் போட முடியாது.