பொருள்: இன்கிரிமென்டல் இன்னோவேஷன் – 'திருத்தாக்கம்' சரியா?

வணக்கம் நண்பர்களே,

ஏற்கெனவே உள்ள ஒன்றைச் சிறிது சிறிதாக மேம்படுத்துவதை ஆங்கிலத்தில் இன்கிரிமென்டல் இன்னோவேஷன் என்கிறார்கள். இன்னோவேஷனுக்குப் 'புத்தாக்கம்' இருக்கிறது; இதற்குத் தனியாகத் 'திருத்தாக்கம்' என்று நான் முன்வைத்த சொல்லுக்கு வந்த மறுப்புகளுக்கு என் பதில் இது.

> 'படிமுறைப் புத்தாக்கம்' என்று வைத்துக்கொள்ளலாமே. புத்தாக்கம் ஏற்கெனவே நிலைத்துவிட்டது.

ஐயா, நிலைத்துவிட்டது, உண்மைதான். தமிழ்நாடு புத்தொழில் மற்றும் புத்தாக்க இயக்கம் என்று பெயர்ப்பலகை ஏறிய சொல்லை அசைக்க வேண்டாம். ஆனால் படிமுறையை அல்காரிதத்துக்குப் பலர் எழுதிவருகிறார்கள். அதைவிட, 'புது' என்ற பகுதியே இங்கே இடிக்கிறது.

கோவை கிரைண்டரைப் பாருங்கள். ஆட்டுக்கல்லில் உரல் நிற்கும், குழவி சுற்றும். 1955இல் சபாபதி செய்த கிரைண்டரில் மோட்டார் உரலைச் சுற்றியது, குழவி இடத்திலேயே நின்றது. அது புத்தாக்கம், சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டுக்கு வீடு கிரைண்டர் போய்ச் சேர்ந்தது அப்புறம் வந்த சின்னச் சின்ன மாற்றங்களால். எங்கள் வீட்டுப் பழைய கிரைண்டரில் அம்மா முதலில் குழவியைத் தூக்கிக் கீழே வைப்பார். பிறகு குனிந்து, அடியில் ஒட்டிய மாவைக் கையால் வழித்து வழித்து எடுப்பார். கழுவிய தண்ணீரைத் துணியில் ஒற்றித்தான் வெளியேற்ற வேண்டும். சாய்க்கும் கிரைண்டர் வந்ததும் அந்தப் பாடு பாதியானது. பின்னர் கூம்புக் குழவிகள், மேடைமேல் வைக்கும் அளவு. கல் கொத்துபவர், லேத் ஓட்டுபவர், மோட்டார் காயில் சுற்றுபவர் எல்லோரும் ஒரே ஊரில் இருந்தால், காலையில் தோன்றியதை மாலைக்குள் செய்து பார்த்துவிடலாம். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வரை கிடைத்ததில் இந்தக் கைவேலைக்குப் பெரிய பங்கு உண்டு என்பேன்.

இதற்குத்தான் 'திருத்தாக்கம்'. திருத்து + ஆக்கம். புத்தாக்கத்தோடு ஓசையில் இணையும். திருத்தாக்கர், திருத்தாக்கப் பயிற்சி என்று கிளைக்கும்.

> திருத்தம் என்றால் பிழைதானே நினைவுக்கு வருகிறது?

அம்மா, காடு திருத்திக் கழனியாக்கினோம் என்கிறோம், காட்டில் பிழை ஏது? 'திருந்திய நெல் சாகுபடி' இன்னும் நெருக்கமான சான்று. அதற்கென்று புது விதை கிடையாது. 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25 செ.மீ. இடைவெளியில் சதுர நடவு, காயவிட்டுப் பாய்ச்சல். தெரிந்த வேலையையே சீராக்கி விளைச்சலைக் கூட்டுகிற முறை. அந்தப் பெயரில் யாருக்கும் பிழை தென்படவில்லையே.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. சிறுதொழில் பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து, வரைவை ஒரு பட்டறைக்காரரிடம் காட்டினேன். 'உங்கள் புத்தாக்கத்தை விவரிக்கவும்' என்ற இடம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நான் புதுசா என்னங்க ஆக்கினேன்? பேரிங்குக்குள்ள மாவு இறங்காம இருக்க ஒரு வாஷரை மாத்தினேன், அவ்வளவுதானுங்க" என்றார். அந்த வாஷரால் அவரிடம் பழுதுக்குத் திரும்பிவரும் கிரைண்டர் குறைந்திருக்கிறது. கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் எங்கள் படிவத்தில் அதை எழுத அவருக்கு இடம் தெரியவில்லை. தவறு அவருடையது அல்ல, நான் போட்ட சொல்லுடையது.

இப்போதைக்கு 'நீங்கள் செய்த புத்தாக்கம் அல்லது திருத்தாக்கம்' என்று மாற்றி வைத்திருக்கிறேன். கையேடு அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. அதற்குள் மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். இலங்கை நண்பர்களே, உங்கள் பக்கம் இதற்கு வேறு சொல் புழங்குகிறதா?

அன்புடன்