புதிய கார் வாங்குதலும் எஞ்சினின் ஆயுளும்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

இழையைத் தொடங்கியவர்

ஒரே காரைப் பதினைந்து ஆண்டுகளாவது வைத்திருக்க வேண்டும் என்னும் எண்ணத்தோடு புதிய கார் தேடிக்கொண்டிருக்கிறேன். ஷோரூமில் திரையின் அகலத்தைப் பற்றியும் கண்ணாடிக் கூரையைப் பற்றியும் அரை மணி நேரம் பேசுகிறார்கள். எஞ்சினைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஒற்றை வரியில் பேச்சு முடிந்துவிடுகிறது. விளம்பரத்தில் படித்ததை விடுத்து, தாங்கள் ஓட்டியோ பழுது பார்த்தோ நேரில் கண்டதை உறுப்பினர்கள் எழுத வேண்டுகிறேன். எந்த நிறுவனம் சிறந்தது என்னும் வாக்கெடுப்பு வேண்டாம். எதைப் பார்த்து முடிவு செய்யலாம் என்பதே என் கேள்வி.

பட்டறை நடத்தும் உறுப்பினர்

பல ஆண்டுகளாகப் பழுதுபார்ப்புத் தொழிலில் இருக்கிறேன். நிறுவனத்தின் பெயரை மட்டும் வைத்து எஞ்சினை எடைபோட முடியாது. ஒரே மாடலில் இரண்டு மூன்று எஞ்சின்கள் விற்கப்படும். அவற்றுள் ஒன்று எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமலேயே மூன்று லட்சம் கிலோமீட்டரைக் கடக்கும், மற்றொன்று அதில் பாதித் தொலைவிலேயே ஆயில் குடிக்கத் தொடங்கும். ஆகவே மாடலின் பெயரோடு நின்றுவிடாமல் எஞ்சினின் குறியீட்டையும் கேட்டு வாங்குங்கள். அந்த எஞ்சின் எத்தனை ஆண்டுகளாக உற்பத்தியில் இருக்கிறது, வேறு எந்த வண்டிகளில் பொருத்தப்பட்டிருக்கிறது, இடையில் எந்த உதிரி பாகத்தைத் திருத்தி வெளியிட்டார்கள் என்பவற்றைத் தேடிப் படித்தால் பாதி வேலை முடிந்துவிடும். புத்தம் புதிதாக அறிமுகமான எஞ்சினை முதல் ஆண்டிலேயே வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. சோதனைக் களத்தில் தென்படாத கோளாறுகள் வாடிக்கையாளரின் கையில் ஓரிரு ஆண்டுகள் ஓடிய பிறகுதான் வெளிப்படுகின்றன.

அமைப்பில் முதலில் நான் பார்ப்பது டைமிங், அதாவது பிஸ்டனின் அசைவுக்கு ஏற்ப வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் பெல்ட் அல்லது செயின். ரப்பர் பெல்ட் உள்ள எஞ்சின்களில் பெரும்பாலும் ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குள் அதை மாற்றச் சொல்வார்கள். தவறவிட்டு அது அறுந்தால், பெரும்பாலான எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும்; அதன் பிறகு செலவுக்குக் கணக்கே இல்லை. செயினுக்கு இப்படிக் கெடு இல்லை என்றாலும், ஆயிலைக் கவனிக்காத வண்டியில் செயினும் நீளும், அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் தளரும். காலையில் வண்டியைக் கிளப்பியதும் ஓரிரு நொடிகள் எழும் கடகட ஓசை பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. மூன்றாவது வகையாக, ஆயிலிலேயே நனைந்தபடி ஓடும் பெல்ட் ஒன்று சில சிறிய எஞ்சின்களில் உண்டு. உராய்வைக் குறைக்க வந்த அமைப்பு இது. ஆனால் பெல்ட்டின் ரப்பர் ஊறிச் சிதையத் தொடங்கினால், அதன் துணுக்குகள் ஆயில் பம்ப்பின் உறிஞ்சு வலையை அடைத்து எஞ்சின் முழுவதையும் ஆயில் இல்லாமல் ஓட வைத்துவிடும். இரண்டு எஞ்சின்களுக்கு இடையே தேர்வு செய்யும் நிலை வந்தால், நான் தயங்காமல் செயின் உள்ளதையே எடுப்பேன்.

அடுத்தது எரிபொருள் தெளிக்கப்படும் இடம். பழைய முறையில் பெட்ரோல், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வுக்குப் பின்புறம் தெளிக்கப்படுவதால் வால்வு ஓயாமல் கழுவப்படும். நேரடியாக சிலிண்டருக்குள் தெளிக்கும் முறையில் அந்தக் கழுவல் இல்லை. எனவே எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் அறையிலிருந்து வரும் ஆயில் ஆவி வால்வின் மேல் கரியாகப் படிகிறது. சிக்கனத்தையும் இழுவையையும் பார்த்தால் நேரடி முறைதான் மேல். ஆனால் நீண்ட காலம் வைத்திருப்பவர் இந்தக் கரியைச் சுரண்டி எடுக்கும் வேலையையும் எதிர்பார்க்க வேண்டும். இரண்டு இடங்களிலும் தெளிப்பான் வைத்த எஞ்சின்களும் உண்டு. டொயோட்டா 2005 முதலே சில வி6 எஞ்சின்களில் இந்த இரட்டை முறையைக் கையாண்டு வருகிறது. பாகங்கள் கூடுதல் என்றாலும் வால்வுகள் சுத்தமாக இருக்கின்றன.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு காட்சியையும் சொல்ல வேண்டும். ஒரே குறியீடு கொண்ட, ஏறத்தாழ ஒரே தொலைவு ஓடிய இரண்டு எஞ்சின்கள் அடுத்தடுத்து என் மேசைக்கு வந்தன. ஒன்றின் சிலிண்டர் சுவரில், தொழிற்சாலையில் ஹோனிங் (சுவரைத் தேய்த்துச் சீராக்கும் வேலை) செய்தபோது விழுந்த குறுக்குக் கோடுகள் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அப்படியே தெரிந்தன. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டில் விரலை வைத்தால் வழுக்கியது. மற்றொன்றில் ஆயில் ஊற்றும் மூடியின் அடியிலேயே கரிய களிம்பு தடித்திருந்தது. பிஸ்டனைக் கழற்றினால், சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலை வழித்தெடுக்கும் ஆயில் ரிங்குக்குப் பின்னால் ஆயில் வடிய வேண்டிய சிறு துளைகள் முழுவதும் கரியால் அடைபட்டிருந்தன. வடிய வழியில்லாத ஆயில் சுவரிலேயே தங்கி எரிகிறது, ரிங் இறுகி அசையாமல் போகிறது, புகையும் ஆயில் குறைதலும் தொடங்குகின்றன. இரு உரிமையாளர்களின் சர்வீஸ் புத்தகங்களையும் பார்த்தேன். முதலாமவர் நிறுவனம் சொன்ன இடைவெளியில் பாதியிலேயே ஆயில் மாற்றியிருந்தார். இரண்டாமவர் சொன்ன இடைவெளியைத் தாண்டித் தாண்டி மாற்றியிருந்தார்.

வாடகை வண்டிகளை மேற்பார்வையிடும் உறுப்பினர்

பட்டறை நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் வாடகை வண்டிகள் நாள் முழுவதும் ஓடுகின்றன, எஞ்சின் முழுதாகக் குளிர்வதே அரிது. ஆண்டு கணக்கில் பார்த்தால் அவை இளம் வண்டிகள். கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் கிழங்கள். ஆனாலும் அவற்றின் எஞ்சின்கள், வாரத்துக்கு ஓரிரு முறை கடைக்குப் போய் வரும் வீட்டு வண்டிகளின் எஞ்சின்களைவிட உள்ளே நல்ல நிலையில் இருப்பதைக் கண்டிருக்கிறேன். குளிர்ந்த எஞ்சினில் தேய்மானம் அதிகம், எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலக்கின்றன. எஞ்சின் சூடேறி நெடுந்தொலைவு ஓடினால்தான் அவை ஆவியாகி வெளியேறும். எனவே யாராவது தம் வண்டி எத்தனை லட்சம் ஓடியது என்று பெருமையாகச் சொன்னால், எத்தனை ஆண்டுகளில், எந்த வகைச் சாலையில் என்றும் கேளுங்கள்.

உலகச் சாதனைகளையும் இப்படித்தான் படிக்க வேண்டும். இர்வ் கார்டன் என்னும் அமெரிக்கர் 1966இல் வாங்கிய வோல்வோ பி1800 கார் 2013இல் 30 லட்சம் மைலைத் தொட்டது. நெடுஞ்சாலை ஓட்டமும், பராமரிப்பு அட்டவணையை வரிக்கு வரி பின்பற்றியதும் அதற்குப் பின்னால் இருந்தன. கிரேக்க நாட்டின் மெர்சிடிஸ் 240டி டாக்ஸி ஒன்று 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கே போனது; ஆனால் அதன் வாழ்நாளில் எஞ்சின்கள் பல முறை மாற்றப்பட்டன. கார் நீண்ட காலம் உழைத்தது என்பதும் எஞ்சின் நீண்ட காலம் உழைத்தது என்பதும் வேறு வேறு செய்திகள்.

எங்கள் அணியில் பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் வண்டிகளும் உள்ளன. சிக்கலான இயந்திரம் என்று தொடக்கத்தில் ஓட்டுநர்களே அஞ்சினார்கள். ஆனால் டொயோட்டாவின் ப்ரியஸ் ஹைப்ரிட் கார் வழியில் வந்த அமைப்பில் தனி ஸ்டார்ட்டர் மோட்டாரோ ஆல்டர்னேட்டரோ கிளட்சோ இல்லை. அந்த வேலைகளையெல்லாம் இரண்டு மின்மோட்டார்களும் ஒரு கோள் பற்சக்கரத் தொகுதியும் செய்துவிடுகின்றன. தேயும் பாகங்கள் குறைவாக இருப்பதை எங்கள் செலவுக் கணக்கிலேயே பார்க்கிறோம். பேட்டரிக்குக் காற்று தரும் வடிகட்டியை மட்டும் தூசி அடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பின் இருக்கையின் அருகே இருக்கும் அந்தத் துவாரத்தின் மீது பயணிகள் பையை வைத்துவிடுவதுதான் எங்களுக்குத் தீராத தலைவலி.

டீசல் வண்டியைப் பற்றி எழுதும் உறுப்பினர்

என் மாமா ஓய்வு பெற்றதும் ஒரு டீசல் கார் வாங்கினார். டீசல் எஞ்சின்தான் நெடுநாள் உழைக்கும் என்று அவர் காலத்தில் கேட்டது அவர் மனத்தில் ஊன்றியிருந்தது. அந்தக் காலத்து டீசலுக்கு அது பொருந்தும். இன்றைய டீசலின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது; அது நிறையும்போது ஏறத்தாழ 600 டிகிரி வரை சூடேற்றிக் கரியை எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு வண்டி சற்று நேரம் நிற்காமல் வேகமாக ஓட வேண்டும். மாமாவின் ஓட்டமோ வீட்டுக்கும் பேரனின் பள்ளிக்கும் இடையில்தான். சுத்திகரிப்பு தொடங்கும், அவர் வண்டியை நிறுத்திவிடுவார். மறுநாள் மறுபடி தொடங்கும், மறுபடி நிறுத்துவார். ஒவ்வொரு முறையும் கூடுதலாகத் தெளிக்கப்பட்ட டீசலில் ஒரு பகுதி ஆயிலில் இறங்கியது. ஆயில் அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தால் அளவு குறைவதற்குப் பதிலாக உச்சக் குறியைத் தாண்டி ஏறியிருந்தது. முகர்ந்தால் டீசல் வாடை. எஞ்சினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே வண்டியை இப்போது நாள்தோறும் நெடுஞ்சாலையில் பணிக்குச் செல்லும் என் தம்பி ஓட்டுகிறான், எந்தத் தொல்லையும் இல்லை. மாமா இயல்பான காற்றிழுப்பு கொண்ட, அதாவது டர்போ இல்லாத, ஒரு சிறிய பெட்ரோல் காருக்கு மாறிவிட்டார்.

அண்மையில் கார் வாங்கிய உறுப்பினர்

நான் தேர்வு செய்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் உரிமையாளர் கையேட்டை இணையத்தில் இறக்கிப் பராமரிப்புப் பக்கங்களைப் படித்தேன். பெரும்பாலான கையேடுகளில் இரண்டு அட்டவணைகள் இருக்கும். குறுகிய பயணம், தூசி, கடும் வெயில், நின்று நின்று நகரும் நெரிசல் ஆகியவற்றைக் கடுமையான பயன்பாடு என்று தனியே குறித்து, அதற்கு ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைத்திருப்பார்கள். நகரத்தில் ஓட்டும் நம்மில் பலரும் அந்த இரண்டாம் அட்டவணைக்கு உரியவர்களே. விற்பனையாளர் காட்டும் பராமரிப்புச் செலவு எப்போதும் முதல் அட்டவணையை ஒட்டியதுதான்.

அடுத்து, தர மதிப்பீடுகளை நம்புவதற்கு முன் அவை எதை அளக்கின்றன என்று பார்த்தேன். அமெரிக்க ஆய்வு நிறுவனமான ஜே.டி. பவரின் தொடக்கத் தர ஆய்வு முதல் 90 நாள் அனுபவத்தைத்தான் கேட்கிறது; திரை உறைந்தாலும் அதில் குறையாகவே பதிவாகும், எஞ்சினின் ஆயுளுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ஜெர்மனியின் டியூவி அறிக்கை, கட்டாயப் பரிசோதனைக்கு வரும் வண்டிகளை வயது வாரியாகப் பிரித்துக் காட்டுவதால், பத்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளின் வரிசையை அதில் பார்க்கலாம். எனக்கு அதுதான் பயன்பட்டது. ஆனால் அதிலும் விளக்கு, பிரேக், சஸ்பென்ஷன் போன்றவையே மிகுதி என்பதால், எஞ்சினுக்கு நீட்டிக்கப்பட்ட உத்தரவாத அறிவிப்புகளையும் தனியே தேடினேன். எடுத்துக்காட்டாக, மேலே சொல்லப்பட்ட ஆயிலில் நனையும் பெல்ட் விவகாரத்தில், பெஜோ, சிட்ரோன் கார்களைத் தயாரிக்கும் ஸ்டெல்லாண்டிஸ் தன் 1.2 லிட்டர் ப்யூர்டெக் எஞ்சின்களுக்கு 2024இல் ஐரோப்பாவில் உத்தரவாதத்தை 10 ஆண்டுகள் அல்லது 1,75,000 கிலோமீட்டராக நீட்டித்தது. இத்தகைய அறிவிப்பு ஓர் எஞ்சினின் வரலாற்றைப் பத்து விமர்சனங்களைவிடத் தெளிவாகச் சொல்கிறது.

டெஸ்ட் டிரைவுக்குக் காலையில் முதல் ஆளாகப் போனேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எப்படிக் கிளம்புகிறது என்று கேட்பதற்காகத்தான். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்த ஓர் இடத்தில், மறுநாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் நன்றி. டர்போ எஞ்சினை, அதாவது காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் கருவி பொருத்திய எஞ்சினை, முற்றிலும் தவிர்க்க வேண்டுமா? நான் விரும்பும் மாடலில் அது மட்டுமே கிடைக்கிறது.

பட்டறை நடத்தும் உறுப்பினர்

தவிர்க்க வேண்டியதில்லை. குறைந்த சுற்றில் அதிக பாரம் கொடுத்தால், பொறி வருவதற்கு முன்பே கலவை தானாகத் தீப்பற்றி பிஸ்டனை உடைக்கும் கோளாறு சிறிய நேரடி டர்போக்களுக்கு உண்டு. ஆகவே அதிக கியரில் மிகக் குறைந்த வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்காதீர்கள். ஆயில் டப்பாவில் அமெரிக்க பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ எஸ்பி என்னும் தரம் இருக்கிறதா என்று பாருங்கள். 2020இல் வந்த அந்தத் தரத்தில் இந்தக் கோளாற்றுக்கும் செயின் தேய்மானத்துக்கும் தனிச் சோதனைகள் உண்டு. மலையேறியோ நெடுஞ்சாலையில் விரட்டியோ வந்தால், நிறுத்தும் முன் கடைசிச் சில நிமிடங்கள் நிதானமாக ஓட்டுங்கள். இல்லையென்றால் டர்போவின் பேரிங்கில் நிற்கும் ஆயில் வெந்து கரியாகும். முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை ஒரே வேகத்தில் ஓட்டாமல், முழு மிதியும் கொடுக்காமல், சுற்றை ஏற்றி இறக்கி ஓட்டினால் ரிங்குகள் சுவரில் நன்றாகப் படியும்.

ஆட்டோமேட்டிக் எடுப்பதானால் இன்னொன்று. கியர் ஆயிலை வாழ்நாள் முழுவதும் மாற்றத் தேவையில்லை என்று ஷோரூமில் சொல்வார்கள். பல நிறுவனங்களுக்கு கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்.எஃப். நிறுவனமோ, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் அதை மாற்றச் சொல்கிறது. நீங்கள் பதினைந்து ஆண்டு என்று கணக்கிட்டிருப்பதால், அந்த மாற்றத்துக்கான செலவை இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.