மார்பலகியா, மார்புத்தூம்பியா?

அன்புடையீர்,

வணக்கம். ஒத்தக்கடைப் பக்கம் நாங்கள் நடத்தும் வேளாண் பட்டய வகுப்பின் பூச்சியியல் பாடக்குறிப்பு வரும் திங்களன்று அச்சுக்குப் போக வேண்டியிருப்பதால், ‘ஸ்டெர்னோரிங்கா’ என்னும் பூச்சித் துணைவரிசைக்குத் தமிழ்ப்பெயர் தேடி நான்கு நாளாக நீளும் விவாதத்தில் என் கருத்தையும் முன்வைக்கிறேன்.

அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, செதில் பூச்சி, சைலிட் ஆகியவை அடங்கிய இத்துணைவரிசைக்குச் ‘சாறுறிஞ்சிகள்’ என்ற பெயரே போதும் என்று மேலூர் ஐயா எழுதியிருந்தார். உழவர் வாயில் புழங்கும் சொல் அது. ஆனால் தத்துப்பூச்சியும் இலைப்பேனும்கூடச் சாறு உறிஞ்சுபவையே என்பதால், வகைப்பாட்டுக்கு அது உதவாது. ‘செடிப்பேனினம்’ என்றாலோ மாணவர் இலைப்பேனோடு குழப்பிக்கொள்வர்.

நேற்று உசிலம்பட்டி மொச்சைக் கொழுந்து ஒன்றைக் கைவில்லையில் பார்த்தேன். அதில் மொய்த்திருந்த கரிய அசுவினிகளில் ஒன்றை ஊசிமுனையால் மல்லாத்தியபோது, அதன் உறிஞ்சுகுழல் முன்னங்கால்களுக்கு இடையே, மார்பிலிருந்தே முளைத்ததுபோல் படிந்து கிடந்தது. கிரேக்கப் பெயரும் அதையே சொல்கிறது: ‘ஸ்டெர்னான்’ மார்பு, ‘ரிங்கோஸ்’ மூக்கு அல்லது அலகு. தத்துப்பூச்சியும் சில்வண்டும் அடங்கிய ‘ஆக்கெனோரிங்கா’வில் வரும் ‘ஆக்கென்’ கழுத்தைக் குறிக்கும். முன்பு இவ்விரண்டையும் ‘ஹோமாப்டிரா’ என்று ஒரே கூட்டில் அடைத்திருந்தனர். அவை ஒரே மூதாதையின் வழிவந்த தனிக் கிளையாக அமையவில்லை என்று தெரிந்தபின் அப்பெயர் கைவிடப்பட்டது. ஆகவே நம் சொற்கள் சோடியாக நிற்க வேண்டும்: மார்பலகி, கழுத்தலகி.

‘அலகு’ என்றால் மாணவர்க்கு மீட்டரும் கிலோகிராமும்தான் நினைவுக்கு வரும் என்று, ‘மார்புத்தூம்பி’யை முன்மொழிந்த அம்மையார் எழுப்பிய தடை நியாயமானதே. எனினும் கிளியின் அலகை அறியாத பிள்ளை இல்லை.

*

மதிப்பிற்குரிய ஐயா,

என் தடை அளவைப் பற்றியது மட்டுமன்று. அலகு இரண்டாகத் திறந்து கொத்துவது. அசுவினியிடம் இருப்பதோ உட்டுளை கொண்ட ஊசி. மலைபடுகடாம் யானையின் பெருமூச்சுப் போல் ஒலிக்கும் நெடுங்குழலைக் ‘களிற்றுயிர்த் தூம்பு’ என்கிறது. ஏரியிலிருந்து நீர் பாயும் மதகுக்கும் அதே பெயர்தான். தூம்பு திறந்தால் கண்மாய் நீர் தானே பாய்வதுபோல, செடியின் உணவுக்குழாயான புளோயத்தில் அழுத்தத்தோடு நிற்கும் சாறு அசுவினியின் ஊசி வழியே தானாகவே ஏறுகிறது என்பதை எந்தச் சொல் காட்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள். திங்கட்கிழமைக்காகப் பெரும்பான்மையினர் ‘மார்பலகி’க்கு இசைந்துவிட்டனர், அச்சில் அதுவே போகட்டும். ‘மார்புத்தூம்பி’யை மட்டும் பிறைக்குறிக்குள் ஒருமுறையாவது சேர்த்துவிடுங்கள்.