‘பிரதர்ஹூட் ஆஃப் தி உல்ஃப்’: பேய்ப்படமா, சரித்திரப் படமா, சண்டைப் படமா?

கேள்வி: மழைக்காலம்

கிறிஸ்டோஃப் கான்ஸ் இயக்கி 2001-இல் வெளிவந்த இந்தப் பிரெஞ்சுப் படத்தை நேற்றிரவு வீட்டில் நால்வராக உட்கார்ந்து பார்த்தோம். பதினைந்தாம் லூயியின் காலத்தில், ஜெவோதான் மலைநாட்டில் பெண்களையும் குழந்தைகளையும் அடித்துக் கொல்லும் விலங்கைத் தேடி, மன்னரின் இயற்கை ஆய்வாளரான ஃப்ரோன்சாக், வட அமெரிக்கப் பழங்குடியான இரோக்வா இனத்தவர் மானியுடன் வந்து சேர்கிறார் என்பது வரை எவருக்கும் குறை இல்லை. ஆனால் முதல் சண்டையே கொட்டும் மழையில், ஹாங்காங் படங்களைப் போல ஸ்லோ மோஷனில் நடக்கிறது. பிறகு பிரபுக்களின் விருந்து, காதல், விலைமாதர் விடுதி, ரகசியச் சபை, பழிவாங்கல் என்று படம் போய்க்கொண்டே இருக்கிறது. அண்ணன் பாதியில் எழுந்து படுக்கப் போய்விட்டார். அண்ணியோ கடைசி வரை அசையவில்லை. எனக்கு முதல் பாதி மிகவும் பிடித்தது, விலங்கை முழுதாகக் காட்டிய பிறகு மனம் ஒட்டவில்லை. பிரான்ஸில் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் திரையரங்கில் பார்த்த படம் இது என்பதால்தான் கேட்கிறேன்: நான் எதைத் தவறவிட்டேன்?

பதில்: பழைய டிக்கெட்

நீங்கள் எதையும் தவறவிடவில்லை. தொடக்கத்தில் ஒரு பெண்ணை ஏதோ ஒன்று பாறையில் மோதி மோதி இழுத்துச் செல்கிறது; நமக்குத் தெரிவது அவள் முகமும் அவள் பற்றத் துடிக்கும் கல்லும்தான். அந்த ஒரு நிமிடம் தந்த அச்சத்தைப் படம் பின்னர் எங்குமே எட்டவில்லை. ஜிம் ஹென்சன் பட்டறையில் செய்த விலங்குப் பொம்மை கையால் தொடக்கூடியது போலக் கனமாக இருக்கிறது, ஆனால் கணினியில் வரைந்த உருவம் ஓடத் தொடங்கியதும் அந்தக் கனம் போய்விடுகிறது. பல வகைகளைக் கலந்ததை நான் குறை சொல்லவில்லை. சண்டையும் காதலும் ஒரே படத்தில் வருவது நமக்கு என்ன புதிதா? மர்மத்தை அவிழ்க்கும் நேரத்தில் இயக்குநர் வாள்வீச்சில் மயங்கி நிற்பதுதான் என் குறை. நடிகர் வின்சென்ட் காசெலின் கையில் கண்ணி கண்ணியாக நீளும் அந்த ஆயுதத்தைப் பார்த்தவுடன், இதுவரை துப்பறிந்ததெல்லாம் எதற்கு என்று தோன்றிவிட்டது.

பதில்: ஏட்டுச்சுவடி

(முடிவைப் பற்றியும் எழுதுகிறேன், பார்க்காதவர்கள் கடந்து செல்லவும்.)

நம்பவே முடியாது என்று பலர் ஒதுக்கும் காட்சிகளில் சில, உண்மை வரலாற்றுக்கு மிக அருகில் இருப்பவை. மழைச் சண்டையில் ஒரு முதியவரையும் அவர் மகளையும் அடிப்பவர்கள் பெண்ணுடை அணிந்த படைவீரர்கள். இதைச் சண்டைக்காகச் செய்த கோமாளித்தனம் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். ஆனால் அந்த விலங்கு பெண்களையே அதிகம் தாக்கியதால், அதை ஈர்ப்பதற்காக, வேட்டையை நடத்திய கேப்டன் துவாமெல் தம் வீரர்கள் சிலருக்கு உண்மையிலேயே பெண்வேடம் போட்டார்.

ஜெவோதானில் உண்மையிலேயே நடந்த அந்தக் கொலைகளின் கணக்கு, 1764 ஜூனில் லாங்கோன் அருகே பதினான்கு வயதுச் சிறுமி ஜான் பூலே இறந்ததிலிருந்து தொடங்குகிறது. ‘கூரியே தாவின்யோன்’ போன்ற செய்தித்தாள்கள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோயின. அவ்வாண்டின் கடைசி நாளில் மாந்த் நகரத்து ஆயர், இது மக்களின் பாவத்துக்குக் கடவுள் அனுப்பிய தண்டனை என்று சுற்றறிக்கை விடுத்தார். 1765 செப்டம்பரில் மன்னரின் துப்பாக்கி ஏந்தியான பிரான்சுவா அந்த்வான் ஒரு பெரிய ஓநாயைச் சுட்டு வெர்சாய்க்கு அனுப்ப, அரசவையைப் பொறுத்தவரை கதை முடிந்தது. டிசம்பரில் மீண்டும் பிள்ளைகள் செத்தார்கள். இம்முறை அரசு பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1767 ஜூன் 19 அன்று ஜான் ஷஸ்தெல் என்ற உள்ளூர்க்காரர் மற்றொரு விலங்கைச் சுட்ட பிறகுதான் கொலைகள் நின்றன.

ஃப்ரோன்சாக்கிடம் சாதாரண ஓநாய் ஒன்றைக் கொடுத்து, அதையே கொடிய விலங்காகப் பாடம் செய்து தரச் சொல்லும் காட்சியை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். விலங்கு எது என்பதைவிட, அதன் பெயரால் யார் எதைச் சாதித்துக்கொள்கிறார் என்பதைத்தான் படம் கேட்கிறது. மன்னர் மீதும் புதிய சிந்தனை மீதும் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கையைக் குலைக்க, பயிற்றுவித்த விலங்கை ஏவும் சபை கற்பனையே என்றாலும், ஆயரின் சுற்றறிக்கையைப் படித்தவருக்கு அது வானத்திலிருந்து குதித்ததாகத் தோன்றாது. கதைக்குள் இளம் பிரபுவாக வருபவர்தான், பிரெஞ்சுப் புரட்சிக் கூட்டம் தன் கோட்டையைச் சூழ்ந்திருக்கும் வேளையில், முதியவராக இதை எழுதுகிறார் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

பதில்: தென்திசை

வரலாற்று விளக்கத்துக்கு நன்றி. இருந்தாலும் மானியைப் பற்றி ஒருவரும் பேசாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. மார்க் டகாஸ்கோஸின் உடல்மொழிதான் படத்தின் முதல் பாதியைத் தூக்கி நிறுத்துகிறது. ஆனால் கனடாவைப் பிரான்ஸ் பறிகொடுத்த போரிலிருந்து வந்த அந்த மனிதருக்குப் படம் கொடுத்த வேலை என்ன? மரத்தோடு பேசுவது, ஆளைத் தொட்டு அவருக்குரிய விலங்கைச் சொல்வது, பிறகு செத்துப்போய் நாயகனுக்குக் கோபம் மூட்டுவது. ஃப்ரோன்சாக் தன் முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டு பழிவாங்கக் கிளம்பியபோது, உங்கள் அண்ணனைப் போல நானும் எழுந்துவிடலாமா என்று நினைத்தேன்.

பதில்: மழைக்காலம்

பெண்வேடத்தைப் பற்றிப் படித்ததும் முதல் சண்டையை மட்டும் இன்று காலை திரும்பப் போட்டேன். நேற்று அவர்கள் உடையை நான் கவனிக்கவே இல்லை, மழையையும் உதையையும்தான் பார்த்திருக்கிறேன். மானியைப் பற்றித் தென்திசை சொன்னதை மறுக்க முடியவில்லை. கணினி விலங்கைப் பற்றிய குறையிலும் நான் பழைய டிக்கெட்டின் பக்கமே. ஞாயிற்றுக்கிழமை அண்ணனை மறுபடி உட்கார வைக்க அண்ணி முடிவெடுத்துவிட்டார். நேற்று நாங்கள் பார்த்தது ஆங்கில டப்பிங் என்பதால், இம்முறை பிரெஞ்சு ஒலியோடும் சப்டைட்டிலோடும் பார்க்கப்போகிறோம்.