அண்ணன் போன பிறகு ஏறின எடை: மறுபடி எப்படி ஆரம்பிக்கறதுங்க?

பீளமேட்டுக்காரன்:
வணக்கங்க. வயசு 46, உயரம் 170 செ.மீ. பம்ப் கம்பெனியில ஸ்டோர்ஸ் வேலை. முன்ன 98 கிலோ இருந்தேன். எங்கண்ணன்தான் வெடியால போன் அடிச்சு எழுப்பி கோயமுத்தூர் ரேஸ் கோர்ஸுக்கு நடக்க இழுத்துட்டுப் போவாரு. ரெண்டரை கிலோமீட்டர் சுத்து, தெனமும் ரெண்டு சுத்து. ரவைக்கு சோத்தைக் குறைச்சு, கம்பெனி கேன்டீன் போண்டாவை விட்டு, 86 வரைக்கும் இறங்கிட்டேன்.

பங்குனியில அண்ணன் தவறிட்டாருங்க. 51 வயசு. ஒல்லி ஒடம்பு, பீடி சிகரெட் எதுவும் கிடையாது. ராத்திரி நெஞ்சைப் புடிக்குதுன்னு சொல்லி, வாயுவா இருக்கும்னு சீரகத் தண்ணி குடிச்சுட்டுப் படுத்தவருதான்.

கருமாதி முடியற வரைக்கும் யாரு என்ன சாப்பிட்டோம்னு கணக்கே இல்ல. துக்கம் கேக்க வர்றவங்களோட ஒரு டீ, ஒரு பன்னு, பொழுதன்னைக்கும் அதேதான். அது போகட்டும், அது முடிஞ்சு போச்சு. இப்பத்திய சங்கதி வேற.

பொழுதோட வேலை விட்டு சவுரிபாளையத்துல அண்ணி வீட்டுக்குப் போயிட்டுத்தான் எங்க வீட்டுக்கு வர்றேன். பையன் பெங்களூர்ல இருக்கறான், அண்ணி தனி. போனதும் தட்டு வச்சிருவாங்க. அரிசிம்பருப்பு சோறு, மேல நெய்யி, ரெண்டு வடை. அண்ணன் தட்டுலதான் போடுவாங்க. கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தட்டு, நடுவுல அவரு பேரு புள்ளி புள்ளியா வெட்டியிருக்கும். சோறு குறையக் குறைய பேரு தெரியும். பாதியில கை கழுவ மனசு வராதுங்க. அப்பறம் எங்கூட்டுக்கு வந்தா சம்சாரம் தோசை ஊத்தி வச்சிருக்கும். அதையும் தின்னாத்தான் சண்டை இல்ல. இப்ப 93.

ரேஸ் கோர்ஸ் பக்கம் போகவே முடியல. ஒரு தடவை போனேன். "என்ன, அண்ணனைக் காணோம்?"னு ஒருத்தர் கேட்டாரு. அவரு மேல தப்பில்ல, அவருக்குத் தெரியாது. திரும்பி வந்துட்டேன். இன்னொண்ணு, வெளிய சொல்லக் கூச்சமாத்தான் இருக்குது. அவ்வளவு நடந்த மனுசனே போயிட்டாரு, நான் நடந்து என்ன ஆகப் போகுதுன்னு ஒரு எண்ணம் வந்து உக்காந்துக்குச்சு. டயட் சார்ட் வேண்டாங்க, அதெல்லாம் தெரியும். இந்த மாதிரி நேரத்தைத் தாண்டி வந்தவங்க சொல்லுங்க.

லேப்காரி ஈரோடு:
அண்ணா, எடையை அப்பறம் பாக்கலாம். கூடப்பொறந்த ஆம்பளை ஒருத்தருக்கு 55 வயசுக்கு முன்னாடியே மாரடைப்புன்னா உங்க ரிஸ்க் கணக்கே வேற. நடை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு டாக்டரைப் பாருங்க. அண்ணன் விசயத்தை முதல் வார்த்தையா சொல்லுங்க, கடைசியில நினைவு வந்து சொல்ற மாதிரி வேண்டாம். பிரஷர், வெறும் வயித்து சுகர், மூணு மாச சராசரி சொல்ற ஹெச்பிஏ1சி, கொலஸ்ட்ரால் மொத்தமும், ஒரு ஈசிஜி. டிரெட்மில் டெஸ்ட் வேணுமா வேண்டாமான்னு அவரு முடிவு பண்ணட்டும்.

கூடவே 'எல்பி ஏ'ன்னு ஒரு டெஸ்ட்டைப் பத்தியும் கேளுங்க. அது பரம்பரையா வர்ற ஒரு கொழுப்பு. நடந்தாலும் பத்தியம் இருந்தாலும் பெரிசா மாறாது, ஒல்லியா இருக்கறவங்களுக்கும் கூட இருக்கலாம். பெரும்பாலானவங்களுக்கு ஆயுசுல ஒரு தடவை பாத்தா போதும். அண்ணனுக்கு என்ன இருந்துச்சுன்னு நமக்குத் தெரியாது. ஆனா நடந்ததால அவரு போகலை. உங்களுக்கு ஏதாவது கூட இருந்தா பிரஷரையும் கொலஸ்ட்ராலையும் இன்னும் கெட்டியாப் புடிக்கணும், அவ்வளவுதான்.

நெஞ்சு கனம், இடது கையோ தாடையோ வலி, சும்மா உக்காந்திருக்கறப்பவே வேர்வைன்னா சீரகத் தண்ணி கிடையாது. 108.

நிர்வாகி:
எடை குறைப்பு பவுடர் விற்பனைப் பதிவு ஒன்று நீக்கப்பட்டது. துக்கத்தில் இருப்பவரிடம் வியாபாரம் செய்ய வேண்டாம்.

நடைப்பைத்தியம்:
டாக்டர் சரின்னு சொன்ன பிறகு இதைப் படிங்க சார்.

86ஐ கொஞ்ச நாளைக்கு மறந்துடுங்க. இன்னைக்கு நீங்க 93லதான் நிக்கறீங்க. அதுல 5 சதவீதம் குறைஞ்சாலே, அதாவது நாலரை கிலோ சுமாரு, சுகரும் பிரஷரும் அசைய ஆரம்பிக்கும். ஏறின ஏழும் கொழுப்பு கிடையாது. சோறும் உப்பும் கூடினா உடம்பு தண்ணியைப் புடிச்சு வைக்கும், அது முதல்ல கொஞ்சம் மளமளன்னு இறங்கும். அதைப் பாத்து ஆட வேண்டாம், மூணாவது வாரம் தராசு அசையலைன்னா அழவும் வேண்டாம்.

பழைய ரெண்டு சுத்து இப்ப கூடாது. கால் மணி நேரம், பேசிக்கிட்டே போற வேகத்துல. வாரத்துல ரெண்டு நாள் நாற்காலியில உக்காந்து எந்திரிக்கறது, சுவத்துல கை ஊனி தள்ளறது. விட்டு வச்ச மாசங்கள்ல தசையும் கரைஞ்சிருக்கும். பருப்பு, முட்டை, சுண்டலு தட்டுல இருக்கட்டும்.

இடத்தை மாத்துங்க. வாலாங்குளம் கரையில நல்லா நடைபாதை போட்டிருக்காங்க, உங்களை யாருக்கும் தெரியாது. ரேஸ் கோர்ஸ்தான் வேணும்னா பொழுதோட போங்க. காலையில வர்ற கூட்டம் அப்ப இருக்காது.

அப்பறம் ரெண்டு வீட்டுச் சாப்பாடு. எந்த டயட்டும் இதை ஜெயிக்காது. ஒண்ணை நிறுத்தணும்.

வைகைக்கரை:
தம்பி, நான் உங்க அண்ணி பக்கத்து ஆளு. எங்க வீட்டுக்காரர் போய் நாலு வருசமாச்சு. அதான் மேல சொன்ன "ஒண்ணை நிறுத்தணும்"ங்கறதைப் படிச்சதும் பதறிட்டேன். அண்ணி வீட்டுப் பக்கம் போறதை மட்டும் நிறுத்திராதீக.

எங்க கொழுந்தன் இப்படித்தான் தினம் வருவான். அவனுக்காகவே மூணு மணிக்கே உளுந்தை ஊறப் போட்டுருவேன். ஒரு நாள் "மதினி, வயித்துல இடமில்ல, சும்மா உக்காந்து பேசுவோம்"னான். எனக்குக் கோவம் வரலை. அன்னைக்குத்தான் ரெண்டு பேரும் அவரைப் பத்தியே பேசுனோம். அதுவரைக்கும் வடையைப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்திருக்கோம். பொழுது சாயற நேரத்துல வாசல்ல செருப்புச் சத்தம் கேக்கணும் தம்பி, அதுக்காகத்தான் அந்தச் சமையல் எல்லாம்.

ஒண்ணு கேக்குறேன். நீங்க சாப்பிடறப்ப அண்ணி சாப்பிடறாங்களா? எனக்கு ஆறு மாசம் சோறு இறங்கலை. ஆக்கி வைப்பேன், போடுவேன், நான் ஒரு டம்ளர் காபியோட படுத்துருவேன். ஒருத்தரும் கவனிக்கலை. "நீங்களும் ஒரு தட்டு வைங்க, சேந்து சாப்பிடுவோம்"னு சொல்லிப் பாருங்க. ரெண்டு பேருக்குப் பிரிஞ்சாலே உங்க பங்கு பாதியாயிரும். உங்க சம்சாரத்தையும் வாரத்துல ரெண்டு நாள் கூட்டிட்டுப் போங்க, அந்த தோசைச் சண்டையும் தீரும்.

அண்ணன் போன பிறகு முதத் தீபாவளி வருது. துக்க வீட்டுல பண்டிகை இல்லைன்னு சொந்தக்காரவுக ஆளுக்கொரு டப்பா பலகாரம் கொண்டாந்து குமிப்பாக. நான் வந்த அன்னைக்கே தெருப்பிள்ளைகளுக்குக் குடுத்துருவேன். வீட்டுல வச்சா ராத்திரி தூக்கம் வராதப்ப கை அங்கதான் போகும்.

தூக்கமே இல்ல, எதுலயும் பிடிப்பு இல்லைன்னு இழுத்துக்கிட்டே போனா 14416க்குப் பேசுங்க. அரசாங்க மனநல லைன், காசு இல்ல. நான் பேசியிருக்கேன்.

பீளமேட்டுக்காரன்:
வைகைக்கரை அக்கா, நேத்து கவனிச்சேங்க. அவங்க சாப்பிடல. கேட்டதுக்கு "அப்பறமா சாப்பிட்டுக்கறேன்"னாங்க. சமையக்கட்டுல எட்டிப் பாத்தா குண்டான் கழுவிக் கவுத்திருக்குது. ஆக்கினது பூராத்தையும் எனக்கே போட்டிருக்காங்க. இத்தனை மாசமா நான் அவங்க மனசு நோகக் கூடாதுன்னு தின்னுட்டு இருந்தேன், அவங்க எனக்காக ஆக்கிட்டு இருந்தாங்க.

இன்னைக்கு சம்சாரத்தையும் கூட்டிட்டுப் போனேன். கொள்ளுப்பருப்பும் ரசமும் போதும் அண்ணின்னு போன்ல முன்னாலயே சொல்லிட்டேன். மூணு தட்டு வச்சோம். அண்ணி ரெண்டு கரண்டி சோறு சாப்பிட்டாங்க. ரொம்ப இல்ல. ஆனா சாப்பிட்டாங்க.

நடைக்கு வாலாங்குளம் பாக்கலாம்னு இருக்கேன். அண்ணியையும் கூப்பிடலாம்னு சம்சாரம் சொல்லுது. வருசம் திரும்பாம எப்படி வெளிய கூட்டிட்டுப் போறதுன்னு எங்க பெரியம்மா ஒருத்தங்க இப்பவே ஆரம்பிச்சுட்டாங்க. அதை நான் பாத்துக்கறேன்.

ஈரோட்டுத் தங்கச்சி, நாளைக்கு டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கேன். அந்த எல்பி ஏ டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துல போகோணுமா?

லேப்காரி ஈரோடு:
அதுக்குத் தேவையில்லை அண்ணா. ஆனா சுகரும் சேத்துக் குடுக்கறீங்கல்ல, அதனால ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம் தண்ணி மட்டும் குடிச்சுட்டுக் காலையில நேரத்துல போயிடுங்க. ரிசல்ட் வந்ததும் பெங்களூர்ல இருக்கற அண்ணன் பையனுக்கும் சொல்லுங்க, அவரும் ஒரு தடவை பாத்துக்கணும்.